ஆயில் சேம்பர் ஒழுகுகிறதா? பேஸ்ட் அப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் அடுக்ககத்தில் பேவர் பிளாக் பதித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் கார் நிற்கும் இடத்தில் மட்டும் தோசைக்கல் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அசோசியேஷன் செயலாளர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் நான் குனிந்தே பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வேகன் ஆர். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பரின் விளிம்பு முழுக்க ஈரம்.

அதற்கப்புறம் இரண்டு ஒர்க்‌ஷாப் ஏறினேன், இரண்டு இடத்திலும் காசு கொடுத்தேன், இரண்டு முறையும் பத்தே நாளில் அதே இடத்தில் அதே வட்டம். மூன்றாவது முறை சென்னை புதுப்பேட்டையில் வயதான ஒரு மெக்கானிக் கிடைத்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேம்பர் விளிம்பில் முன்பு அப்பியிருந்த சிலிக்கான் பேஸ்ட்டை நகத்தால் கீறினார், அது ரப்பர் நாடா மாதிரி முழுசாக உரிந்து வந்தது. "தம்பி, இது ஒட்டவே இல்ல. எண்ணெய் மேல ஒட்டுன ஸ்டிக்கர்" என்றார். ஒழுகலை அடைப்பது பேஸ்ட் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அடைப்பது சுத்தமான இரும்பும், வளையாத விளிம்பும், ஒரு நாள் பொறுமையும்தான். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேஸ்ட்டும் வீண்.

நீங்களே செய்தாலும் சரி, மெக்கானிக்கிடம் விட்டாலும் சரி, வரிசை இதுதான். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: உதிரிபாகக் கடையில் சம்ப் என்பார்கள், மெக்கானிக் சேம்பர் என்பார், வண்டியின் புத்தகத்தில் ஆயில் பேன் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான்.

1. ஒழுகுவது சேம்பர்தானா என்று முதலில் பாருங்கள்

நான் கோட்டை விட்ட முதல் இடம் இது. எண்ணெய் மேலிருந்து கீழேதான் வரும், எஞ்சினில் ஆகக் கீழே இருப்பது சேம்பர். அதனால் மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் சேம்பர் விளிம்பில் வந்துதான் சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் வேறு தள்ளிவிடும்.

சந்தேகப்பட வேண்டியவை மேலிருந்து வரிசையாக: டேப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், கிராங்க் ஷாஃப்டின் முன் சீல், பின் சீல், கடைசியாக எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டும் சேம்பரும். என் வண்டியில் இரண்டு இடத்தில் ஒழுகியது. சேம்பர் ஒன்று, டேப்பட் கவரின் பின்பக்க மூலை இன்னொன்று. முதல் இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் பானெட்டைத் திறந்து மேலே பார்க்கவே இல்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு டிகிரீசர் தெளித்துத் துடைத்து, வெளிப்பக்கத்தை நன்றாகக் காயவிடுங்கள். மின் இணைப்புகள் மேல் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் போன வழி கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனியில்தான் ஓட்டை. சேம்பர் விளிம்புக்கு மேலே பவுடர் காய்ந்தே இருந்து, விளிம்புக்குக் கீழே மட்டும் ஈரம் என்றால் சேம்பர்தான் குற்றவாளி.

கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில், அடியில் உள்ள மூடியிலிருந்து சொட்டினால் அது பெரும்பாலும் கிராங்க் பின் சீல். அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவுக் கணக்கே வேறு. அதைச் சேம்பர் என்று நினைத்து பேஸ்ட் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடி நல்ல பேக்கிங்கைக்கூட வெளியே தள்ளும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் என்று வேகமாகக் காற்று அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

2. அதுவரை ஓட்டலாமா?

இரவு முழுக்க நாலைந்து சொட்டு என்றால் ஓட்டலாம், ஆனால் வாரம் இரண்டு முறை எண்ணெய் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் வித்தியாசம். கீழ்க்கோட்டைத் தொட்டால் ஊற்றுங்கள். சிவப்பு எண்ணெய்க்குடுவை விளக்கு எரிந்தால் நடு மவுண்ட் ரோடாக இருந்தாலும் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "அடுத்த சிக்னல் வரைக்கும்" என்ற பேச்சே வேண்டாம், சேம்பருக்கு ஆகிற செலவு அங்கே எஞ்சின் செலவாக மாறிவிடும்.

சைலன்சர் குழாய் மேல் சொட்டிப் புகை வந்தாலும் ஓட்டக் கூடாது.

3. காகிதங்கள்: வாரண்டி, இன்சூரன்ஸ், பில்

வண்டி வாரண்டியில் இருந்தால் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள், நேராக சர்வீஸ் சென்டர். அடிபடாமல் தானாக ஒழுகினால் அவர்கள்தான் பார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகமும் பழைய சர்வீஸ் பில்களும் கையில் இருக்கட்டும்.

ஸ்பீடு பிரேக்கரிலோ கல்லிலோ மோதிச் சேம்பர் நசுங்கி ஒழுகுகிறது என்றால் அது விபத்துச் சேதம், கம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கேட்கலாம். ஆனால் இங்கே மூன்று பொறிகள்.

முதலாவது, அடிபட்ட பிறகும் எண்ணெய் இல்லாமல் ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால், சாதாரண பாலிசி அதைப் பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடும். எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் பேச்சு. இரண்டாவது, கம்பெனிக்குத் தகவல் சொல்லி அவர்கள் பார்ப்பதற்கு முன் சேம்பரைக் கழற்றினால் கிளெய்ம் சிக்கலாகும். அடிபட்ட இடத்தையும் தரையில் சிந்திய எண்ணெயையும் உடனே படம் எடுத்துவிடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், இவை நான்கும் கேட்பார்கள்.

மூன்றாவது பொறி கணக்கில் இருக்கிறது. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது கிளெய்மில் நம் கையிலிருந்து போவது, 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. அதோடு கிளெய்ம் எடுத்தால், பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது வருடம் 50 சதவீதம் வரை ஏறுவது. ஐந்து வருடம் சேர்த்த போனஸை ஒரு தகரச் சேம்பருக்காக விடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. பிரீமியம் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னைப் போலக் கைக்காசில் செய்பவர்களுக்கும் பில் முக்கியம். தேதி, கிலோமீட்டர், போட்ட பொருள், மூன்று மாதம் ஒழுகாது என்ற வாய்வார்த்தை, நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் முதல் ஒர்க்‌ஷாப்பில் பில்லே வாங்கவில்லை. திரும்பிப் போனபோது, "நாங்க டேப்பட் கவர்தானே சார் பார்த்தோம்" என்றார்கள். பார்க்கவே இல்லாத டேப்பட் கவரை!

4. சாமான்கள்

உங்கள் வண்டிக்குச் சேம்பரில் பேக்கிங் உண்டா, பேஸ்ட் மட்டும்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல மாருதி கார்களில் பேக்கிங் கிடையாது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஆர்டிவி சிலிக்கான் என்ற பேஸ்ட் மட்டும்தான். சில வண்டிகளில் கார்க் அல்லது ரப்பர் பேக்கிங் வரும். ரப்பர் பேக்கிங் மேல் முழுக்கப் பேஸ்ட் தடவக் கூடாது, இறுக்கும்போது வழுக்கிக்கொண்டு பிதுங்கி வந்துவிடும். மூலை இணைப்புகளில் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைத்துவிடும். வாகனத்தின் மாடல், வருடம், எஞ்சின் வகை மூன்றையும் ஆர்.சி.யைப் பார்த்துச் சொல்லுங்கள், வெறும் "வேகன் ஆர்" என்றால் கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார். பழைய சேம்பர் தேடுபவர்கள் புதுப்பேட்டைக்குப் போகலாம், ஆனால் பழைய தகரச் சேம்பரில் விளிம்பு நேராக இருப்பது அதிர்ஷ்டம்தான். புதிய சேம்பர் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிலிக்கான் பேஸ்ட் வாங்கும்போது ட்யூபில் எண்ணெயைத் தாங்கும், எஞ்சினுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வாஷ்பேசினுக்குப் போடுகிற சிலிக்கான் வேறு. நம் ஊர்க் கம்பெனியான அனபாண்டின் 666 ஏறக்குறைய எல்லாக் கடையிலும் இருக்கும், த்ரீபாண்டும் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மெக்கானிக் மேசை மேல் மூக்கு காய்ந்து கிடக்கும் பாதி ட்யூபை வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

நான் கொடுத்த கணக்கு இது, உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும்: பேஸ்ட் 220, டிரெயின் போல்ட் வாஷர் 20, ஆயில் ஃபில்டர் 130, எஞ்சின் ஆயில் 1,250, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே 250, சைலன்சர் இணைப்புப் பேக்கிங் 150, கூலி 1,500. ஆக மொத்தம் 3,520 ரூபாய். இதற்கு முன் இரண்டு முறை தண்டமாகப் போனது தனிக்கதை. டேப்பட் கவர் பேக்கிங்கையும் அன்றே மாற்றினேன், அது இந்தக் கணக்கில் இல்லை. இவற்றோடு கால் கிலோ பனியன் வேஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள், பத்தாது என்று தோன்றினால் அரைக் கிலோ.

5. இடமும் நாளும்

தூசியும் மழையும் இல்லாத இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவோரம் நிறுத்திச் செய்யச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். குழி அல்லது லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப் நல்லது. வீட்டில் செய்பவர்கள் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, அது டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். இரண்டு ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

மெக்கானிக்கிடம் பேசும்போது ஒரே நிபந்தனை வையுங்கள்: வண்டி இரண்டு இரவு உங்களிடம் இருக்கட்டும். "ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். என் முதல் ஒர்க்‌ஷாப் முக்கால் மணி நேரத்தில் முடித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளி மாலை விட்டு ஞாயிறு மாலை எடுப்பது வசதி.

6. வடித்தலும் கழற்றலும்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் எண்ணெய் இளகி எளிதாக வடியும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஃபில்டரையும் எடுத்துவிடுங்கள். என் வண்டியில் சைலன்சரின் முன் குழாயையும் கிளட்ச் பக்கத்து அடித்தகட்டையும் எடுத்தால்தான் சேம்பர் வெளியே வந்தது. துருப்பிடித்த சைலன்சர் நட்டுகளுக்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து வைக்கவில்லையென்றால் போல்ட் உடையும், அரை நாள் போகும். குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒயர் இருந்தால் குழாயை அதில் தொங்கவிடாதீர்கள்.

சேம்பர் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனரில் வரும் சின்னப் போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்து ஒரு டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு அட்டையில் சேம்பர் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைத்தார் பாய். நல்ல பழக்கம்.

போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் சேம்பர் இறங்காது, பேஸ்ட் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினீர்களோ, அங்கேயே அடுத்த ஒழுகலுக்கு வாசல் திறந்தாயிற்று. மெல்லிய தகட்டுக் கத்தியைச் சொருகி ஓரமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்ட வேண்டும்.

இறக்கியதும் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், அதுதான் எண்ணெயை உறிஞ்சும் வலை. என் வண்டியில் அந்த வலையில் பழைய பேஸ்ட்டின் துணுக்குகள் மூன்று, கோதுமை மணி அளவுக்கு, ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே பிதுங்கி உதிர்ந்தவை. இன்னும் நாலு சேர்ந்திருந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் ஏறியிருக்காது. பாய் ஒன்றும் சொல்லவில்லை, துணுக்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதன் பிறகு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, நீங்கள் பேஸ்ட் போட வேண்டிய அதே விளிம்பில்தான் வந்து நிற்கும். முக்கால் மணி நேரத்தில் முடித்தவர்கள் தவறவிட்டது இதைத்தான். அடியில் தட்டு வைத்து, மேலே தூசி போகாமல் துணி கட்டி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

7. சுரண்டல்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும்.

எஞ்சின் பக்க விளிம்பு, சேம்பர் பக்க விளிம்பு இரண்டிலும் பழைய பேஸ்ட் துளிகூட இருக்கக் கூடாது. எஞ்சின் பிளாக் அலுமினியமாக இருந்தால் இரும்புச் சுரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் அல்லது பித்தளை போதும். கிரைண்டரில் வட்டத் தேய்ப்பான் மாட்டி இரண்டு நிமிடத்தில் பளபளப்பாக்கிக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். அதிலிருந்து பறக்கும் தூள் எஞ்சினுக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும். உப்புத்தாளுக்கும் அதே கதைதான்.

போல்ட் ஓட்டைகளுக்குள் எண்ணெய் தேங்கியிருக்கும். பனியன் வேஸ்ட்டைத் திரியாகத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுக்காவிட்டால் போல்ட் இறுகியது போலத் தோன்றும், உண்மையில் எண்ணெயில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக பிரேக் கிளீனரை வெள்ளைத் துணியில் தெளித்து விளிம்பைத் துடையுங்கள். எஞ்சின் பக்கம் நேராகப் பீய்ச்சினால் உள்ளே மேலேயிருந்து எண்ணெயைக் கழுவிக் கீழே கொண்டுவந்துவிடும். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். நான் ஐந்தாவது துணியில்தான் நிறுத்தினேன். துடைத்த பிறகு விரல் வைத்துப் பார்க்கத் தோன்றும், வைக்காதீர்கள். விரலிலும் எண்ணெய் உண்டு.

8. விளிம்பு நேராக இருக்கிறதா?

முன்பு யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருந்தால், தகரச் சேம்பரில் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு எஞ்சின் பக்கமாகப் புடைத்திருக்கும். அப்போது ஓட்டைக்கு ஓட்டை மட்டும் தொடும், நடுவில் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியைத்தான் பேஸ்ட்டால் நிரப்பப் பார்க்கிறோம்.

சேம்பரை நன்றாகக் கழுவி வீட்டுக்கு எடுத்து வந்து, சமையல் மேடைக் கிரானைட்டில் கவிழ்த்து வைத்தேன். அடியில் டார்ச் எரியும் செல்போன். விளக்கை அணைத்தால் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பிறைப் பிறையாக வெளிச்சம். பதினாறு போல்ட் முறுக்கியவரின் கைவலிமை முழுவதும் அந்த இருட்டில் தெரிந்தது. (மேடையில் எண்ணெய் படாமல் இருக்கச் செய்தித்தாள் விரித்தால் சோதனை தப்பாகிவிடும். சேம்பரைச் சுத்தமாகக் கழுவுவதுதான் வழி. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகவும் இருக்கட்டும்.)

சரிசெய்வது சுலபம். விளிம்பில் போல்ட் தலை உட்காரும் பக்கம் தட்டையான இரும்புக் கட்டையில் படியும்படி வைத்து, புடைத்த இடத்தை எஞ்சின் பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் படியவைக்க வேண்டும். தட்டு, கவிழ்த்துப் பார், மறுபடி தட்டு. கை வராவிட்டால் டிங்கரிங் செய்பவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை. அலுமினிய வார்ப்புச் சேம்பரில் மட்டும் இதை முயலாதீர்கள், விரிசல் விடும். அது கோணியிருந்தால் மாற்றுவதுதான்.

டிரெயின் போல்ட் மரை போயிருந்தால் இப்போதே லேத்தில் காட்டிவிடுங்கள். வெளியே எபாக்ஸியைப் பிசைந்து அப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, அது அடுத்த ஆயில் மாற்றம் வரைகூடத் தாங்காது.

9. பேஸ்ட் போடுதல்

முதலில் ஒத்திகை. பேஸ்ட் இல்லாமல் சேம்பரைத் தூக்கி வைத்துப் பாருங்கள், எங்கே இடிக்கிறது, எப்படிச் சாய்த்தால் ஸ்ட்ரெய்னரைத் தாண்டுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு நீளப் போல்ட்டுகளைத் தலை வெட்டிச் செருகி வைத்தால் அவை வழிகாட்டியாக நின்று சேம்பரை நேராக மேலே ஏற்றும். பேஸ்ட் போட்ட சேம்பர் பக்கவாட்டில் வழுக்கினால் பேஸ்ட் கோடு அறுந்துபோகும், மறுபடி துடைத்து முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

ட்யூப் மூக்கைச் சாய்வாக வெட்டி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடாக, எங்கும் அறுபடாமல் போடுங்கள். முறுக்கு பிழிவது போல ஒரே அழுத்தம், ஒரே வேகம். போல்ட் ஓட்டை வரும் இடத்தில் கோடு ஓட்டையின் உள்பக்கமாக, அதாவது எண்ணெய் இருக்கும் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். வெளிப்பக்கமாகப் போனால் எண்ணெய் போல்ட் மரை வழியே இறங்கிவிடும். எஞ்சினின் முன் கவரும், பின் சீலைத் தாங்கும் மூடியும் பிளாக்கோடு சேரும் இடங்களில் மட்டும் ஒரு பொட்டு கூடுதலாக வையுங்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டா என்ன?" என்று எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஸ்ட்ரெய்னரில் பார்த்த மூன்று துணுக்குகளை நினைத்துக்கொண்டேன்.

பேஸ்ட் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் மேல்தோல் சீக்கிரம் படிந்துவிடும். போட்ட பத்து நிமிடத்துக்குள் சேம்பர் மேலே ஏறிவிட வேண்டும். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

10. போல்ட் இறுக்குதல்

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். அப்புறம் நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி ஓரத்துக்குப் போங்கள், இரண்டு மூன்று சுற்றில். இந்தச் சின்னப் போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டியின் துல்லியமான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்பது சின்ன ஸ்பேனரை மணிக்கட்டால் திருப்புகிற பலம், தோளால் அல்ல. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் நல்லது. இல்லாத மெக்கானிக் நீளக் கைப்பிடி போட்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

விரல் இறுக்கத்தில் ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் முறுக்கச் சொல்லும் பேஸ்ட்டும் உண்டு, உடனே முழுசாக முறுக்கச் சொல்வதும் உண்டு. ட்யூபில் போட்டிருப்பதைச் செய்யுங்கள். ஆனால் பேஸ்ட் இறுகிய பிறகு, இரண்டு நாள் கழித்து, "எதுக்கும் ஒரு சுத்து" என்று மறுபடி முறுக்காதீர்கள், பிடித்த பிடி விட்டுவிடும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். இருபது ரூபாயில் கஞ்சம் பிடித்து ஒழுகவிட்டவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

11. காத்திருங்கள்

24 மணி நேரம். அதற்கு முன் ஆயில் ஊற்றாதீர்கள். சில பேஸ்ட்டுகளில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஊற்றலாம் என்று போட்டிருக்கும், அவசரமில்லாதவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

பழைய ஆயிலை வடிகட்டி மறுபடி ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஒர்க்‌ஷாப் தட்டில் என்னென்ன கிடந்ததோ, நான் ஊற்றமாட்டேன். எடுத்த பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள், சட்டப்படி அது அபாயக் கழிவு. கேனில் பிடித்துப் பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பிடம் கொடுத்துவிடுங்கள்.

புது ஃபில்டர் மாட்டி, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள், என் வண்டிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் பிடித்தது. மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம்.

12. சோதனை

எஞ்சினைக் கிளப்பியதும் சிவப்பு விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து விளிம்பை ஒரு சுற்று பாருங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் சூடேற ஓட்ட வேண்டும். நான் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வந்தேன், எஞ்சினுக்குச் சோதனை, எனக்கு இளநீர்.

வந்ததும் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். தினமும் அதே இடத்தில் நிறுத்தினால்தான் சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று தெரியும். ஒரு வாரம் தொடருங்கள். பழைய எண்ணெய் சைலன்சர் மேலும் அடித்தகட்டிலும் ஒட்டியிருந்து முதல் ஓரிரு நாள் சொட்டலாம், அதைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை என் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம். வயிறு கலங்கிவிட்டது, பாய்க்குப் போன்கூடப் போட்டுவிட்டேன். "தொட்டுப் பாத்தியா தம்பி?" என்றார். தொட்டேன். பிசுபிசுப்பில்லை, வாடையில்லை. முந்தைய இரவு வந்து நிறுத்தும்வரை ஏ.சி. ஓடியிருந்தது, அதன் தண்ணீர்.